புறாவால் பொருத்தும் மூச்சுக் காற்றும்



ஒரு தச்சனுடைய கைத்திறனை அளந்தறிய விரும்புகிறவர் அவன் செய்த அலுமாரியின் கதவை நோக்குவதில்லை; மெருகை நோக்குவதுமில்லை. இலாச்சியை வெளியே இழுத்து, முன்பலகையும் பக்கப்பலகையும் வந்து கூடும் மூலையை நோக்குகிறார். அங்கே ஆணி அடித்திருந்தால் ஒன்றும் பேசாமல் உள்ளே தள்ளிவிடுகிறார். புறாவின் விரித்த வால்போல நுனியில் அகன்றும் அடியில் ஒடுங்கியும் வெட்டப்பட்ட பற்கள், எதிர்ப்பலகையின் பள்ளங்களிலே மயிரிழையும் இடைவெளியின்றி அமர்ந்திருந்தால், "இது யார் கைவேலை?" என்று கேட்கிறார். இதற்குத்தான் புறாவால் பொருத்து என்று பெயர். நாளொன்றுக்குப் பத்து முறை இழுக்கப்படும் இலாச்சியில், இழுக்கும் திசையிலே கழன்று வர இடந்தராத பொருத்து இது. பண்டை எகிப்தியரின் மரப்பேழைகளிலும் இதனைக் காணலாம். அவ்வளவு பழைமையான உத்தியை விஞ்சிய வேறொன்று இன்னும் தோன்றவில்லை.

ஆனால் இன்று நான் பேச வந்தது பொருத்தின் அழகைப் பற்றி அன்று. அதனை வெட்டும்போது எழும் தூளைப் பற்றியே பேச வந்தேன்.

சப்பரகமுவ மாகாணத்தின் தோட்டப் புறங்களில், இரத்தினபுரி மாவட்டத்திலும் கேகாலை மாவட்டத்திலும், கொழுந்தெடுப்பதும் பால்வெட்டுவதும் மாத்திரமே தொழில் என்றிருந்த காலம் மாறிவிட்டது. தோட்டத்தில் பிறந்த இளைஞர்கள் கொழும்புக்கும் மொரட்டுவைக்கும் சென்று தச்சுப் பட்டறைகளிலே வேலை பழகுகின்றனர். சில ஆண்டுகள் கழித்து ஒரு மின்சாரத் துளைக்கருவி, ஒரு வட்ட வாள், ஒரு றவுட்டர் ஆகியவற்றோடு வீடு திரும்புகின்றனர். லயத்தின் பின்புறத்தில் நான்கு தகரத்தைச் சாய்த்து ஒரு கொட்டில் எழுகிறது. கொட்டிலுக்கும் இடமில்லாதவர் இஸ்தோப்பையே பட்டறையாக்கிக்கொள்கிறார். மழை வந்தால் வேலை காம்பராவுக்குள் போய்விடுகிறது. ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியிலே மழை வராத வாரம் ஏது?

இந்த இடத்தில்தான் கவலைக்குரிய செய்தி இருக்கிறது. உளியும் வாளும் கொண்டு புறாவால் வெட்டுகிறவன் முன்னே சிராயும் சீவலும் குவிகின்றன. கொஞ்சம் பருமனான மரத்தூள் காலடியில் விழுகிறது. றவுட்டரின் வெட்டலகோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 20,000 முறை சுழல்கிறது. அது மரத்தைச் சீவுவதில்லை, தெறிக்கச் செய்கிறது. அந்தத் தெறிப்பிலே கண்ணுக்குத் தெரியும் சிம்புகளும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத மாப்போன்ற நுண்தூளும் உண்டு.

மற்ற வேலைகளுக்கு இல்லாத ஒரு சங்கடம் புறாவாலுக்கு மாத்திரம் உண்டு. சாதாரணப் பள்ளம் வெட்டும்போது முதலில் சிறிது, பின்னர் சிறிது என்று ஆழத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகலாம். புறாவால் அலகு அடியிலே அகன்று மேலே ஒடுங்கியது. ஆதலால் முழு ஆழத்தையும் ஒரே ஓட்டத்திலேயே வெட்டியாக வேண்டும். நடுவிலே அலகை மேலே தூக்கினால் பொருத்தும் கெடும், அச்சும் கெடும். எனவே தூள் முழுவதும் ஒரே மூச்சில் வெளியேறுகிறது. அதோடு, சீப்புப்போன்ற பற்களையுடைய அச்சுச் சட்டத்தின்மேல் றவுட்டர் ஊர்ந்து செல்வதால், அதன் அடித்தட்டுக்கும் மரத்துக்கும் இடையே திறந்த சந்துகள் பல இருக்கின்றன. றவுட்டரோடு கடையில் தரப்படும் சிறு உறிஞ்சுவாய் மேலே வரும் தூளைப் பிடிக்கும். சட்டத்தின் கீழே முன்பக்கமாக, வேலை செய்பவனின் வயிற்றுக்கு நேரே வந்து கொட்டும் பெரும்பகுதியை அது பிடிப்பதில்லை.

எவ்வளவு தூள் என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு அங்குல உயரமும் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிப்பும் உள்ள பலகைகளால் ஓர் இலாச்சி செய்கிறோம். ஒரு மூலையிலே இரண்டு பலகைகளிலும் சேர்த்து ஏறத்தாழ 18 கன சென்ரிமீற்றர் மரம் வெட்டி எறியப்படுகிறது. நான்கு மூலைக்கு 72. இறப்பர் மரமானால் அதன் நிறை சுமார் 43 கிராம். தளர்ந்து குவியும்போது ஒரு தேநீர்க் கோப்பை நிறைய இருக்கும், அவ்வளவுதான். இதைப் பார்த்து அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். அந்த 43 கிராமில் நூற்றிலொரு பங்கு மாத்திரம் நுண்தூளாகிக் காற்றிலே மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; அது 430 மில்லிகிராம். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் உடைய பழைய லயக் காம்பராவின் கொள்ளளவு சுமார் 27 கன மீற்றர். வகுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கன மீற்றர் காற்றிலும் 16 மில்லிகிராம் தூள். வன்மரத் தூளுக்குப் பிரித்தானியாவிலே 2020 ஆம் ஆண்டிலிருந்து விதிக்கப்பட்டுள்ள எல்லை, எட்டு மணி நேரச் சராசரியாக, 3 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆம் ஆண்டிலே அதனை இரண்டாகக் குறைத்தது. நமது காம்பராவின் கணக்கு ஒரே ஓர் இலாச்சிக்குரியது என்பதை நேயர்கள் மறத்தலாகாது. அலுமாரிக்கு ஆறு இலாச்சி வேண்டியிருக்கலாம்.

பருந்தூள் உடனே தரையில் விழுந்துவிடும். நுண்தூள் அப்படியன்று. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோன். ஐந்து மைக்ரோன் அளவுள்ள துகள் அசையாத காற்றிலே ஒரு மீற்றர் இறங்க இருபது நிமிடத்துக்கு மேலாகும். ஒரு மைக்ரோன் துகளுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். தச்சன் கருவிகளைக் கட்டி வைத்துவிட்டு, கைகால் கழுவி, சோறுண்டு படுக்கும்போதும் அது அந்தக் காம்பராவில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. அவனோடு அங்கே படுத்துறங்கும் குழந்தையும் அதைத்தான் உள்ளிழுக்கிறது. பட்டறையும் படுக்கையும் ஒன்றாக இருக்கும் வீட்டிலே, தொழிலாளி மாத்திரம் தொழில் நோய்க்கு ஆளாகிறான் என்று சொல்வதற்கில்லை.

தூளினால் விளையும் தீமை இந்த மாகாணத்துக்குப் புதிய செய்தியும் அன்று. கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்திலே காரீயம் எனப்படும் பென்சிற்கரி நெடுங்காலமாகத் தோண்டி எடுக்கப்படுகிறது. இலங்கையின் காரீயச் சுரங்கத் தொழிலாளர் நுரையீரலிலே அத்தூள் படிந்து நோயாவதைப் பற்றி ரணசிங்க, உரகொட என்னும் இரு மருத்துவர் 1972 ஆம் ஆண்டிலே ஆராய்ந்து எழுதினர். அதே உரகொட, தேயிலைத் தொழிற்சாலையின் டீமேக்கர்களுக்குத் தேயிலைத் தூளினால் உண்டாகும் ஆஸ்துமாவைப் பற்றி 1970 ஆம் ஆண்டிலே எழுதினார். தொழிற்சாலையின் சலிக்கும் அறையிலே வேலை செய்த நம் தாய்மார் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு நின்றதை நேரிற் கண்டவர் பலர் இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

மரத்தூளின் கதை இன்னும் கொடியது. இங்கிலாந்திலே பக்கிங்ஹாம் மாவட்டத்தில் ஹை விக்கம் என்றோர் ஊர் உண்டு. நாற்காலி செய்வதற்குப் பேர்பெற்ற ஊர். அங்கே எஸ்மி ஹாட்பீல்ட் என்ற பெண்மணி காது மூக்குத் தொண்டைச் சத்திர வைத்தியராக இருந்தார். மூக்கின் உட்குழிகளில் தோன்றும் மிக அரிதான ஒருவகைப் புற்றுநோய் தம்மிடம் வரும் நோயாளரிடையே அளவுக்கு மிஞ்சிக் காணப்படுவதையும், அவர்களிற் பெரும்பாலோர் தளபாடம் செய்யும் தச்சர்களாக இருப்பதையும் அவர் கவனித்தார். ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த மக்பெத் என்ற வைத்தியரும், பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைமை வைத்திய அதிகாரியான டொனல்ட் அச்சிசன் என்பவரும் அவரோடு சேர்ந்தனர். 1965 ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த அவர்களுடைய ஆய்வுரைகள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1995 ஆம் ஆண்டிலே, லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதி என்னும் முதல் வகுப்பிலே மரத்தூளைச் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் அதே வகுப்பில் உள்ளன.

இதனைக் கேட்டு எவரும் உளியைக் கீழே போட்டுவிட வேண்டாம். அப்புற்றுநோய் மிக அரிது. பல்லாண்டு காலம் நாள்தோறும் தூளை உண்டவருக்கே பெரும்பாலும் வருவது. வருவதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளும் ஆகலாம். ஆஸ்துமாவும் ஓயாத மூக்கடைப்பும் அப்படிக் காத்திருப்பதில்லை. வேலை நாட்களில் மூக்கு அடைத்து, வேலையில்லாத நாட்களில் தெளிந்தால் தூளே காரணம் என்று ஐயுறலாம். ஒரு பக்க மூக்கு மாத்திரம் வாரக்கணக்கில் அடைத்திருந்து அதனூடே இரத்தமும் கசிந்தால், தோட்டத்து மருந்துச்சாலையோடு நின்றுவிடாமல் இரத்தினபுரி அல்லது கேகாலை அரசினர் வைத்தியசாலைக்குப் போய், தாம் மரவேலை செய்பவர் என்பதையும் மறவாது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அந்த நினைவு தோன்றாமற் போகலாம்.

எந்த மரமாயினும் தூள் ஒன்றுதானே என்றால், அப்படியன்று. முதிரை மரத்தின் தூள் சிலருடைய தோலிலே அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குவது நெடுநாளாக அறிந்த உண்மை. பலாவின் வைரம் மஞ்சள் நிறத் தூளைத் தருவது. முற்காலத்தில் பிக்குமாரின் சீவரத்துக்குச் சாயமேற்ற அதனைக் காய்ச்சினார்கள். தோட்டப்புறத்துத் தச்சன் கைக்கு மலிவாகக் கிடைப்பது இறப்பர் மரமே. 1876 ஆம் ஆண்டிலே கியூ தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து ஹெனரத்கொடையில் ஊன்றப்பட்ட கன்றுகளின் வழித்தோன்றல் அது. பால் வற்றியபின் ஏறத்தாழ முப்பதாண்டில் வெட்டி வீழ்த்தப்படும். முன்னாளில் விறகுக்கே போயிற்று, இன்று தளபாடமாகிறது. வெட்டிய சில நாட்களுக்குள் பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் பற்றிக்கொள்ளும் மரமாதலால் போரிக் அமிலம் கலந்த கரைசலை அதற்குள் ஏற்றியே விற்கிறார்கள். அத்தூளை மூச்சோடு உள்ளிழுப்பது நல்லதன்று என்பதற்கு இது மற்றுமொரு காரணம். ஒட்டுப்பலகையிலும் அழுத்திய நார்ப்பலகையிலும் பிசின் கலந்திருக்கிறது. அவற்றின் தூள் எல்லாவற்றிலும் நுண்ணியது.

சரி, என்ன செய்வது? முதலில் ஒரு சிறு சோதனை. ஒரு மெழுகுதிரியை ஏற்றிக் கையெட்டும் தூரத்தில் வைத்து ஊதுங்கள்; அணைந்துவிடும். அதே தூரத்திலிருந்து காற்றை உள்ளே உறிஞ்சி அணைக்க முயலுங்கள். சுடர் அசையவும் மாட்டாது. ஊதும் காற்று நெடுந்தூரம் பாயும்; உறிஞ்சும் காற்றோ வாயருகே மாத்திரம் வலிமையுடையது. குழாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளி நின்றாலே உறிஞ்சும் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குன்றிவிடுகிறது. இரண்டரை அங்குலக் குழாயை வேலை மேசையின் ஓரத்தில் தொங்கவிட்டுவிட்டு, தூளெல்லாம் அதைத் தேடி வரும் என்று எண்ணுவது வீண். தூள் பிறக்கும் இடத்துக்கே வாயைக் கொண்டுபோக வேண்டும்.

புறாவால் அச்சுச் சட்டத்துக்கு அந்த இடம் முன்பக்கத்தின் அடிவிளிம்பு. அங்கே ஒட்டுப்பலகைத் துண்டுகளால் ஒரு தொட்டி செய்து மாட்டலாம். சட்டத்தின் நீளம் எவ்வளவோ அவ்வளவு நீளம். நான்கு விரற்கடை அகலம். வாய் மேல்நோக்கி, நிமிர்த்தி வைத்த பக்கப்பலகைக்கு இரு மருங்கும் அணைந்தாற்போல. அடிப்பலகை இரு புறமிருந்தும் நடுவை நோக்கிச் சரிய வேண்டும். சரிவின் தாழ்ந்த இடத்தில் குழாய்க்குத் துளை. தெறித்து வரும் சிம்பு தன் வேகத்தாலேயே தொட்டிக்குள் பாய்கிறது. உறிஞ்சும் காற்று அதை ஏற்றுக்கொள்கிறது. தூளைத் துரத்திப் பிடிப்பதைவிட அது தானே வந்து விழும் வழியில் நிற்பது எளிது. றவுட்டரின் மேல்வாய்க்கு இன்னொரு குழாய் கொடுக்கலாமே என்று சிலர் ஒரே உறிஞ்சியைக் கிளைபிரிக்கிறார்கள். வலுவுள்ள பெரிய உறிஞ்சிக்கு அது சரி. வீட்டளவான சிறிய தூசுறிஞ்சியில் கிளைபிரித்தால் இரு வாயும் பாதிப் பசியோடு நிற்கும். ஒன்றைத்தான் தேர வேண்டுமானால் கீழ்த்தொட்டியையே தேர்வேன்.

குழாய் குறுகியதாயும் உட்புறம் வழுவழுப்பாயும் இருக்கட்டும், வளைவுகள் குறையட்டும். உறிஞ்சிக்கும் தொட்டிக்கும் இடையே மூடி இறுகிய ஒரு சாய வாளியை வைத்து, காற்று பக்கவாட்டாக நுழைந்து சுழன்று மேலே போகும்படி குழாய்களைப் பொருத்தினால், பருந்தூள் சுழற்சியிலே வாளியின் சுவரில் உரசி அடியில் தங்கிவிடும். உறிஞ்சியின் வடிதாள் அடைபடுவது இதனால் வெகுவாகக் குறையும். வடிதாள் அடைபட்டால் உறிஞ்சும் சத்தம் இருக்கும், உறிஞ்சல் இராது. சப்பரகமுவையின் ஈரக் காற்றிலே அத்தாளில் தூள் களிபோல ஒட்டிக்கொள்ளும். வாரத்துக்கொரு முறையேனும் வெளியிலே தட்டி உலர்த்த வேண்டும். தட்டும்போது மூக்குக்கவசம் அணிய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெறுந்துணிப் பை பூட்டிய உறிஞ்சி பருந்தூளைப் பிடித்து வைத்துக்கொண்டு, நுண்தூளை அறையெங்கும் தூவிவிடுகிறது. அதைவிட உறிஞ்சி இல்லாதிருப்பதே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. இயன்றால் உறிஞ்சியைச் சுவருக்கு வெளியே வைத்து, குழாயை மாத்திரம் உள்ளே விடலாம். ஆனால் லயத்திலே நமது வெளி அடுத்த வீட்டாரின் இஸ்தோப்பு. அது எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பார்த்து வைக்க வேண்டும்.

இவ்வளவு சிரமமும் சுகாதாரத்துக்காக மாத்திரமோ என்று கேட்பவருக்கு வேறொரு விடையும் உண்டு. அச்சுச் சட்டத்தின் பற்களுக்கிடையே சிம்பு அடைந்தால், றவுட்டரின் வழிகாட்டு வளையம் பல்லோடு ஒட்டாமல் விலகி நிற்கும். ஒரு தாளின் தடிப்பளவு விலகினாலும் போதும். ஒரு வால் பருத்துவிடும், மூலை இறுகிப் பலகை பிளக்கும். பொருத்தம் சரிவரவில்லை என்று அலகையும் சட்டத்தையும் குறைகூறுபவர் முதலில் பற்களுக்கிடையே பார்க்கட்டும்.

எவ்வளவு பிடித்தாலும் கொஞ்சம் தப்பும். அதற்குத்தான் மூக்குக்கவசம். 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது நாடெங்கும் அறிமுகமான என் 95 கவசம் முகத்தோடு இறுகி அமர்ந்தால் பெருமளவு நுண்தூளைத் தடுக்கும், தாடியிருந்தால் அமராது. காதிலே மாட்டும் மெல்லிய சத்திரசிகிச்சைக் கவசமும் கைக்குட்டையும் ஓரங்களில் காற்றை விடுகின்றன. வேலை முடிந்ததும் விளக்குமாற்றால் பெருக்கினால் படிந்த தூளெல்லாம் மறுபடி எழும். ஈரத்துணியால் துடைப்பதே முறை. காற்றடிக்கும் கருவியால் உடம்பிலுள்ள தூளை ஊதிக்கொள்ளும் பழக்கம் பட்டறைகளிலே பரவலாக உண்டு. அதுபோல் கெட்ட பழக்கம் வேறில்லை. சட்டையைக் கழற்றி வெளியில் மாட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்குவது நன்று. மண்ணெண்ணெய் விளக்கும் அடுப்பும் அதே கூரையின்கீழ் எரியும் வீடுகளில் தூளைக் குவித்து வைத்திருத்தல் ஆகாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைத் தூளோடு சேர்த்துப் போட்டால் அது தானே சூடேறிப் பற்றிக்கொள்ளவும் கூடும்.

தொழிற்சாலைகளுக்கு 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தூசை அகற்ற வகை செய்யவேண்டும் என்று அது முதலாளிக்கு விதிக்கிறது. பரிசோதகர் வந்து பார்ப்பார். வீட்டுப் பின்புறக் கொட்டிலுக்கு எந்தப் பரிசோதகரும் வருவதில்லை. அங்கே முதலாளியும் அவனே, தொழிலாளியும் அவனே.

என் சொந்தக் கருத்தொன்றையும் கூறிவிடுகிறேன். மாதத்துக்கு இரண்டு இலாச்சி செய்பவனுக்கு றவுட்டரும் சட்டமும் உறிஞ்சியும் எதற்கு? நல்ல பல்வாள் ஒன்று, கூரிய உளி இரண்டு, ஒரு கொட்டாப்புளி போதும். கை பழகியவனுக்கு ஒரு மூலை அரை மணி நேர வேலை. நுண்தூள் மிகச் சொற்பம். அண்டை வீட்டாரின் உறக்கமும் கெடாது. வாரத்துக்கு இருபது இலாச்சிக்குக் கட்டளை வாங்கியவனுக்கு அந்த யோசனை உதவாது என்பதை அறிவேன். அவனுக்கு இயந்திரம் வேண்டும், தொட்டியும் வேண்டும், பட்டறை காம்பராவை விட்டுத் தனித்து நிற்கவும் வேண்டும்.

இனி, வாளியிலே சேர்ந்த தூளை என்ன செய்வது? தகர டின்னிலே நடுவில் துளைவிட்டு இறுகத் திணித்து எரிக்கும் மரத்தூள் அடுப்பை நம் வீடுகள் நன்கறியும். மருந்தேற்றாத பலாவும் மகோகனியும் அதற்கு ஏற்றவை. மருந்தேற்றிய பலகை, ஒட்டுப்பலகை, நார்ப்பலகை ஆகியவற்றின் தூளைச் சமையல் அடுப்பிலே ஒருபோதும் இடலாகாது. அவற்றைத் தனிச் சாக்கிலே கட்டிக் குப்பையோடு அப்புறப்படுத்த வேண்டும். மருந்தேற்றாத இறப்பர் மரத்தின் தூளுக்கு இப்போது வேறொரு கிராக்கியும் உண்டு. சிப்பிக் காளான் வளர்ப்போர் அதனைத் தவிட்டோடு கலந்து பைகளில் அடைத்து, நீராவியில் அவித்து, வித்திடுகிறார்கள். மரஆலைகளில் மூட்டை மூட்டையாக வாங்குகிறவர்கள் அவர்கள். சிறு பட்டறையின் ஒரு சாக்குத் தூளையும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். ஆனால் மருந்தேற்றிய பலகையின் தூள் அதில் கலந்திருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள்.